மலை ஏற்றத்தில் செக் எஞ்சின் லைட் மின்னுகிறது, புல்லிங் இல்லை: காயில் மாற்றியும் தீரவில்லை என்றால்

கேட்கப்பட்டது இதுதான். பிஎஸ் 6 மினி டிரக், நான்கு சிலிண்டர், சிஎன்ஜியிலும் பெட்ரோலிலும் ஓடுவது, ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் மளிகைச் சரக்கு ஏற்றிக்கொண்டு கோத்தகிரி ஏறும்போது குஞ்சப்பணை தாண்டியதும் வண்டி குலுங்க ஆரம்பிக்கிறது, செக் எஞ்சின் லைட் விட்டு விட்டு மின்னுகிறது, இரண்டாவது கியரில்கூடத் திணறுகிறது. ஓரம்கட்டி ஆஃப் செய்து மறுபடி ஸ்டார்ட் செய்தால் கொஞ்ச தூரம் நன்றாகப் போகிறது. சமதளத்தில் பெரிதாக ஒன்றும் தெரிவதில்லை. ஒரு பட்டறையில் ஸ்கேனர் போட்டு பி0303 என்ற கோடு (code, கோளாறு எண்) வந்ததைப் பார்த்து மூன்றாவது சிலிண்டரின் காயிலை, அதாவது பிளக்குக்குப் பொறி கரண்ட் கொடுக்கும் பொருளை, மாற்றினார்கள், நான்கு நாளில் திரும்ப வந்துவிட்டது. இப்போது பி0171 என்று இன்னொரு கோடும் வருகிறது, ஆக்சிஜன் சென்சார் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?

வேண்டாம். சென்சார் காசை இப்போதைக்குப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, லைட் மின்ன மின்ன நீங்கள் மலை ஏறிக்கொண்டிருக்கிறீர்கள், அதை இன்றோடு நிறுத்த வேண்டும்.

செக் எஞ்சின் லைட் நிலையாக எரிவதும் விட்டு விட்டு மின்னுவதும் ஒன்றல்ல. நிலையாக எரிந்தால் ஏதோ ஒரு கோளாறு பதிவாகியிருக்கிறது, வண்டியில் வேறு தொந்தரவு தெரியாவிட்டால் இரண்டு நாளில் காட்டிக்கொள்ளலாம். பெட்ரோல், கேஸ் வண்டியில் அது மின்னினால் அர்த்தம் ஒன்றுதான்: இந்த நிமிடம் எஞ்சின் மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருக்கிறது, அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் போகிறது, அதுவும் சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்ய இருக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சாகடிக்கும் அளவுக்கு. இது ஒரு கம்பெனிக்காரர் வைத்துக்கொண்ட வழக்கம் இல்லை, ஓபிடி (வண்டி தன் கோளாறைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் ஏற்பாடு) விதியிலேயே உள்ளது. அமெரிக்காவில் 1996 மாடலில் இருந்து கார்களுக்கும் சின்ன டிரக்குகளுக்கும் ஓபிடி 2 கட்டாயம், இங்கே பிஎஸ் 4 காலத்தில், 2013 ஏப்ரலில் இருந்து.

எரியாத சிலிண்டரில் இருந்து வெளியே வருவது புகை இல்லை, எரிபொருளும் ஆக்சிஜனும் கலந்த பச்சைக் கலவை. அது நேராகக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே பற்றி எரிகிறது. உள்ளே தேன்கூடு மாதிரி பீங்கான், அதன்மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு. சாதாரணமாக அது 400 முதல் 800 டிகிரி வரையில் வேலை செய்யும் பொருள். தொடர்ந்து மிஸ்ஸிங் அடித்தால் சூடு அதையெல்லாம் தாண்டி, முதலில் பூச்சு செத்துப்போகும், பிறகு பீங்கானே உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கில் முடிய வேண்டிய வேலை பல ஆயிரத்துக்குப் போவது இப்படித்தான், அதுவும் பெரும்பாலும் "எப்படியாவது லோடை இறக்கிவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்" என்ற அந்த ஒரு நடையில்.

அதனால் அடுத்த முறை மின்னினால் முதலில் ஆக்சிலேட்டரில் இருந்து காலைத் தளர்த்துங்கள். மெதுவாகப் போகும்போது மின்னுவது நின்று நிலையாக எரிந்தால் அப்படியே நிறுத்த இடம் கிடைக்கும் வரை ஊர்ந்து போகலாம். அப்போதும் மின்னினால் ஓரம்கட்டி ஆஃப் செய்துவிடுங்கள். காய்ந்த புல், சருகு கிடக்கும் இடத்தில் நிறுத்தாதீர்கள், அந்த நேரத்தில் கன்வெர்ட்டர் அடியில் அடுப்பு மாதிரி இருக்கும். மலைப்பாதையில் எனக்கு உண்மையான பயம் இதுதான்.

சரி, ஆஃப் செய்து போட்டால் ஏன் நன்றாகிறது? இதைக் கேட்டுப் பல பேர் ஒயரிங் கோளாறு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கிராங்க் சென்சார் எஞ்சின் சுழலும் வேகத்தை ஒவ்வொரு பல்லாக எண்ணிக்கொண்டே இருக்கிறது. ஒரு சிலிண்டர் எரியாமல் போனால் அந்தத் தருணத்தில் கிராங்க் லேசாகத் தயங்கும், அந்தத் தயக்கத்தை வைத்துத்தான் எந்த சிலிண்டர் என்று ஈசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், கண்டுபிடிக்கிறது. கன்வெர்ட்டருக்கு ஆபத்தா என்று பார்க்க 200 சுற்றுக்கு ஒரு முறை கணக்குப் போடும். 3000 ஆர்பிஎம்மில் 200 சுற்று என்பது நான்கே விநாடி. ஆபத்து என்று தெரிந்தால் பல வண்டிகளில் ஈசியு அந்த சிலிண்டருக்கு எரிபொருளையே நிறுத்திவிடும், கன்வெர்ட்டரைக் காப்பாற்ற. அதற்குப் பிறகு நீங்கள் மூன்று சிலிண்டரில் மலை ஏறுகிறீர்கள், புல்லிங் எங்கிருந்து வரும்? சாவியை ஆஃப் செய்து போட்டால் ஈசியு மறுபடி நான்கையும் ஓட விட்டுப் பார்க்கும், கொஞ்ச தூரம் நன்றாக இருக்கும், அடுத்த ஏற்றத்தில் அதே கதை. உங்கள் வண்டி செய்வது முழுக்க இதனோடு பொருந்துகிறது.

அடுத்து அந்த ஆக்சிஜன் சென்சார் விஷயம். பி0171 என்றால் கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்று ஈசியு நினைக்கிறது. ஆனால் ஆக்சிஜன் சென்சாருக்கு எரிபொருளைப் பார்க்கத் தெரியாது, ஆக்சிஜனை மட்டும்தான் பார்க்கும். எரியாத சிலிண்டர் ஒவ்வொரு தடவையும் முழு ஆக்சிஜனையும் வெளியே தள்ளுகிறதே, அதைப் பார்த்து "ஆக்சிஜன் நிறைய இருக்கிறது" என்று சென்சார் உள்ளதைத்தான் சொல்கிறது. ஈசியு அதை நம்பி எரிபொருளைக் கூட்டுகிறது, கூட்டிக் கூட்டி எல்லை தாண்டியதும் பி0171 போடுகிறது. அதாவது அந்தக் கோடு மிஸ்ஸிங் பெற்ற பிள்ளை. மிஸ்ஸிங்கைச் சரி செய்தால் அதுவும் போய்விட வாய்ப்பு அதிகம். போகவில்லை என்றால் அப்போது காற்று எங்காவது உள்ளே இழுக்கிறதா, எரிபொருள் அழுத்தம் குறைகிறதா என்று பார்க்கலாம். கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்று சொல்லும் பி0420 வந்தாலும் இதே நியாயம்தான், முதலில் மிஸ்ஸிங், பிறகுதான் கன்வெர்ட்டர்.

பி0303 என்ற கோடும் மூன்றாவது சிலிண்டர் எரியவில்லை என்று மட்டும்தான் சொல்கிறது. காயில் போய்விட்டது என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பிளக், காயில், காயிலுக்கு வரும் ஒயர், கேஸ் இன்ஜெக்டர், வால்வு, ரிங், ஹெட் கேஸ்கெட், எது கெட்டாலும் இதே கோடுதான் வரும். பார்க்காமல் ஒரு பொருளை மாற்றுவது குருட்டாம்போக்கில் கல் எறிவதுதான், சில நேரம் படும்.

கோடை அழிக்கும் முன்னால் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பக்கம் இருக்கும், அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிஸ்ஸிங் பதிவான அந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, லோடு எவ்வளவு, எஞ்சின் சூடு, வண்டி வேகம், எரிபொருளை எவ்வளவு கூட்டிக்கொண்டிருந்தது எல்லாம் அதில் இருக்கும். நம் ஊரில் வண்டி வந்ததும் பேட்டரி கழற்றி மாட்டிப் பார்ப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது, அதில் இந்தத் தகவல் முழுக்க அழிந்துவிடும். போனோடு இணைக்கும் சின்ன ஈஎல்எம் 327 ஸ்கேனர் ஒன்று சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வது லோடு வண்டிக்காரருக்கு நல்ல முதலீடு, கோடு படிக்க அது போதும்.

இனி சோதனை. உங்கள் வண்டியில் காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒரு அருமையான சோதனை இருக்கிறது, தனி பெட்ரோல் வண்டிக்காரருக்குக் கிடைக்காதது. அதே லோடு, அதே ஏற்றம், ஒரு தடவை கேஸில், ஒரு தடவை பெட்ரோலில். மலைக்கே போக வேண்டியதில்லை, சின்ன மேம்பாலம் போதும், மின்ன ஆரம்பித்ததும் காலை எடுத்துவிடுங்கள், பதில் கிடைத்துவிட்டது.

கேஸில் மட்டும் மிஸ்ஸிங், பெட்ரோலில் நன்றாக இழுக்கிறது என்றால் இரண்டே பக்கம்தான் பார்க்க வேண்டும்: கேஸ் வரும் வழி, அல்லது பலம் குறைந்த பொறி. இந்த இரண்டாவதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். "பெட்ரோலில் நன்றாகத்தானே ஓடுகிறது, அப்போது பிளக், காயில் நன்றாகத்தான் இருக்கிறது" என்பார்கள். அது தப்பு. சிஎன்ஜி கலவையைப் பற்ற வைக்க பெட்ரோலைவிட அதிக வோல்டேஜ் வேண்டும். அதோடு ஏற்றத்தில் ஆக்சிலேட்டர் முழுக்க மிதிக்கும்போது சிலிண்டருக்குள் கலவை நெருக்கமாக அடைபடும், நெருக்கமான கலவையைத் தாண்டி பொறி குதிப்பது இன்னும் கஷ்டம். தேய்ந்து இடைவெளி பெரிதான பிளக்கோ, உள்ளே இன்சுலேஷன் விரிசல் விட்ட காயிலோ சமதளத்தில் பெட்ரோலில் சமாளித்துவிடும், கேஸில் மலையில் கைவிட்டுவிடும். சமதளத்தில் தெரிவதில்லை என்று நீங்கள் சொன்னதைப் படித்ததும் என் மனசு முதலில் பிளக் பக்கம்தான் போனது. காயிலை மாற்றும்போது பிளக்கை மாற்றினார்களா என்று நீங்கள் எழுதவில்லை. பழைய பிளக்கோடு புதுக் காயிலைப் போட்டால் புதுக் காயிலும் அந்தப் பெரிய இடைவெளியைத் தாண்ட வேண்டி அதிக வோல்டேஜில் வேலை செய்து சீக்கிரம் போகும். நான்கு நாளில் திரும்பியதற்கு இதுவேகூடக் காரணமாக இருக்கலாம்.

இரண்டு எரிபொருளிலும் ஒரே மாதிரி மிஸ்ஸிங் என்றால் கேஸ் பக்கத்தை மறந்துவிடலாம், பொறி அல்லது எஞ்சின் உட்பாகம். பெட்ரோலில் மட்டும் மிஸ்ஸிங் என்றால் அது வேறு கதை. சிஎன்ஜி மினி டிரக்குகள் பலவற்றில் பெட்ரோல் டாங்க் அஞ்சு லிட்டர் அளவுதான், அதுவும் மாதக்கணக்கில் தொடாமல் கிடக்கும். பழைய பெட்ரோல் கெட்டு, இன்ஜெக்டர் நுனியில் பசை மாதிரி படிந்துவிடும். உங்களுக்கும் அப்படி இருந்தால் இந்தச் சோதனையே குழப்பிவிடும், அதனால் சோதிக்கும் முன்னால் புதுப் பெட்ரோல் ரெண்டு மூணு லிட்டர் போட்டு ஒரு இருபது கிலோமீட்டர் ஓட்டுங்கள். அப்புறம் வாரத்துக்கு ஒரு நாளாவது கொஞ்ச தூரம் பெட்ரோலில் ஓட்டும் பழக்கம் வைத்துக்கொண்டால் நல்லது.

இடம் மாற்றிப் பார்க்கும் சோதனை அடுத்தது. உங்கள் வண்டியில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் என்றுதான் நீங்கள் சொன்னதில் இருந்து புரிகிறது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு சீட்டைத் தூக்கி, மூன்றாவது காயிலை இரண்டாவது இடத்திலும் இரண்டாவதை மூன்றிலும் போடுங்கள். மூன்றாவது பிளக்கை நான்காவது இடத்திலும் நான்காவதை மூன்றிலும் போடுங்கள். எதை எங்கே போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். கோடை அழித்துவிட்டு, மிஸ்ஸிங் வரும் வரை ஓட்டுங்கள். பி0302 வந்தால் காயில். பி0304 வந்தால் பிளக். இன்னும் பி0303 என்றே வந்தால் இரண்டும் இல்லை, கோளாறு அந்த சிலிண்டரிலேயே நிற்கிறது: ஒயர், இன்ஜெக்டர், வால்வு. ஒரே நடையில் இரண்டு பொருளுக்கும் தீர்ப்பு வந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லை. காயிலை மீட்டரில் ஓம் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொல்வதை நான் நம்புவதில்லை, ஆறிய காயிலில் மீட்டர் பேட்டரி கொடுக்கும் துளி வோல்டேஜ் நல்ல அளவுதான் காட்டும், கெட்டுப்போவது சூட்டிலும் லோடிலும்.

வேறு சில வண்டிகளில் ஒரு காயில் இரண்டு சிலிண்டருக்குப் பொறி தரும், ஒன்றும் நான்கும் ஒரு ஜோடி, இரண்டும் மூன்றும் ஒரு ஜோடி. அதில் ஜோடியாக மிஸ்ஸிங் வந்தால் காயில் மேல் சந்தேகம், ஒன்று மட்டும் என்றால் கேபிள் அல்லது பிளக்.

பிளக்கைக் கழற்றியதும் உடனே தூக்கிப் போடாமல் நான்கையும் வரிசையாகத் துணியில் வைத்துப் பாருங்கள். பிளக் ஒரு கடிதம் மாதிரி, படிக்கத் தெரிந்தவருக்கு எல்லாம் எழுதியிருக்கும். மூன்று வெளிர் பழுப்பு, ஒன்று மட்டும் ஈரமாகப் பெட்ரோல் வாடை என்றால் அந்த இடத்தில் பொறி இல்லை. ஒன்று மட்டும் எண்ணெய்ப் பிசுக்கோடு கறுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு சீல். ஒன்று மட்டும் தண்ணீரில் கழுவின மாதிரி பளிச்சென்று இருந்தால் ஹெட் கேஸ்கெட் வழியாகக் கூலன்ட் உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும், ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறதா என்றும் யோசித்துப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால் பொறி பிளக் நுனிக்குப் போகாமல் வெளிப்பக்கமாகவே எர்த் ஆகியிருக்கிறது, அந்தப் பிளக்கையும், பிளக் மேல் இறங்கும் காயிலின் ரப்பர் உறையையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதில் இருக்கும் கரிக்கோடு புதியதையும் கெடுத்துவிடும். இதுவும் நான்கு நாளில் திரும்பி வரும் வகைதான்.

பிளக் இறங்கும் குழியையும் டார்ச் அடித்துப் பாருங்கள். வால்வு கவர் பேக்கிங் கசிந்து குழியில் ஆயில் நிற்பது இந்தக் கிலோமீட்டரில் சகஜம், ஆயிலில் ஊறிய ரப்பர் உறை நொளநொளவென்று ஆகி கரண்டை விட்டுவிடும். சீட்டுக்கு அடியில் எஞ்சின் உள்ள வண்டிகளில் வாட்டர் சர்வீஸ் செய்யும்போது பிரஷர் தண்ணீர் அடித்துக் குழி நிறைந்து போவதும் உண்டு. வண்டி கழுவிய மறுநாளில் இருந்துதான் மிஸ்ஸிங் என்று யாராவது சொன்னால் நான் ஸ்கேனரை எடுக்கும் முன் ஏர் அடித்துக் குழியைக் காய வைப்பேன்.

புதுப் பிளக் போடும்போது சிஎன்ஜிக்குக் கம்பெனி சொல்லியிருக்கும் நம்பரையே போடுங்கள். இடைவெளி பெட்ரோல் வண்டியைவிடக் குறைவாக வரும், பொதுவாக 0.7, 0.8 மில்லிமீட்டர் அளவில், உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ளதுதான் கடைசி வார்த்தை. நான்கையும் சேர்த்து மாற்றுங்கள்.

ஒரு பழக்கத்தை மட்டும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள். ஓடும் எஞ்சினில் பிளக் கேபிளையோ காயிலையோ பிடுங்கி, பொறி தெறிக்கிறதா என்று பாடியில் காட்டிப் பார்ப்பது. கார்புரேட்டர் காலத்து வித்தை அது. இப்போது அப்படிச் செய்தால் காயிலும் ஈசியு உள்ளே காயிலை இயக்கும் சர்க்யூட்டும் போக வாய்ப்பு உண்டு, எரியாத எரிபொருள் கன்வெர்ட்டருக்குள் கொட்டும், கேஸ் வண்டியில் கசிவு இருந்தால் உயிருக்கே ஆபத்து. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க வேண்டுமானால் ஐடிலில் வைத்து அந்தந்த இன்ஜெக்டரின் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், கேஸில் ஓடும்போது கேஸ் இன்ஜெக்டர். கழற்றியும் எஞ்சின் சத்தம் மாறாத சிலிண்டர்தான் ஏற்கெனவே செத்திருப்பது. அதற்கு வேறு கோடு விழும், கடைசியில் அழித்துக்கொள்ளலாம்.

இடம் மாற்றியும் பி0303 நகரவில்லை என்றால் அடுத்து ஒயர். ஒரு பால் வண்டி என்னிடம் வந்தது, மூன்று காயில் மாற்றியாகிவிட்டது, ஒவ்வொரு தடவையும் ஒரு வாரம் நன்றாக ஓடி மறுபடி அதே மிஸ்ஸிங். காயிலைக் கழற்றி மாட்டும்போது கனெக்டர் பின் கொஞ்சம் இறுகி வேலை செய்தது, குலுங்கிக் குலுங்கி மறுபடி தளர்ந்தது, அவ்வளவுதான் விஷயம். உள்ளே பெண் பின் வாய் அகண்டு போயிருந்தது. பின்னை மாற்றிக் கொடுத்த பிறகு அந்தப் பழைய காயில்கள் எல்லாமே நன்றாக வேலை செய்தன. ஐடிலில் ஓட விட்டு அந்தக் கனெக்டரையும் ஒயரையும் மெதுவாக அசைத்துப் பாருங்கள், சத்தம் மாறினால் அங்கேதான். மண்டியில் நிற்கும் வண்டி என்றால் எலி கடியும் பார்க்க வேண்டும், காய்கறி, தானியம் சிந்திக் கிடக்கும் இடத்தில் எலிக்கு சீட்டுக்கு அடியில் சூடான எஞ்சின் நல்ல வீடு. எஞ்சினுக்கும் பாடிக்கும் போகும் எர்த் ஒயரின் போல்ட்டையும் ஒரு தடவை கழற்றித் தேய்த்து இறுக்குங்கள்.

கேஸ் பக்கம் சுருக்கமாகச் சொல்கிறேன். பம்பில் உள்ள கம்ப்ரஸரில் இருந்து கேஸோடு கொஞ்சம் ஆயிலும் வரும், அது ஃபில்டரில் சேர்ந்து அடைக்கும், தாண்டியதும் இன்ஜெக்டரில் ஒட்டும். ஃபில்டர் அடைத்தால் பெரும்பாலும் எல்லா சிலிண்டரும் சேர்ந்து இளைக்கும், பி0300 வரும். ஒரே சிலிண்டர் என்றால் அந்த ஒரு கேஸ் இன்ஜெக்டர். ஃபில்டர் எத்தனை கிலோமீட்டரில் மாற்றினீர்கள் என்று பாருங்கள், பலர் ஒரு தடவைகூட மாற்றியிருக்க மாட்டார்கள். ஆனால் இந்த வேலையை நீங்களே செய்யாதீர்கள். கேஸ் சிலிண்டரில் 200 பார் அழுத்தம் நிற்கிறது, கேஸ் வேலை தெரிந்த இடத்தில் கொடுங்கள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை செய்ய வேண்டிய சிலிண்டர் டெஸ்ட் பாக்கி இருந்தால் அதையும் அங்கேயே கேட்டு முடித்துவிடுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் மூன்றாவது சிலிண்டர் படுத்தே கிடந்தால் வால்வு. கேஸ் வண்டிக்காரர்கள் எல்லாரும் தெரிந்து வைத்திருக்க வேண்டிய விஷயம் இது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள் தம்பி. பெட்ரோல் திரவமாக வந்து வால்வையும் அது மூடும்போது உட்காரும் வளையமான சீட்டையும் கொஞ்சம் குளிர வைக்கும். கேஸ் காய்ந்தது, அந்தக் குளிர்ச்சி கிடையாது. ஓட ஓட எக்ஸாஸ்ட் வால்வு தன் சீட்டுக்குள்ளேயே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். இறங்க இறங்க டேப்பட் இடைவெளி, அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள சந்து, அதிகமாகாது, குறையும். இதனால்தான் ஏமாந்து போகிறோம், இடைவெளி கூடினால் டக் டக்கென்று சத்தம் வந்து காட்டிக்கொடுக்கும், குறைந்தால் எஞ்சின் இன்னும் அமைதியாகிவிடும். கடைசியில் இடைவெளியே இல்லாமல், சூட்டில் நீளும் வால்வு முழுக்க மூடாமல் நிற்கும், அந்தச் சந்தில் எரியும் கேஸ் புகுந்து விளிம்பையே அரித்துவிடும். காலையில் ஆறிய எஞ்சின் நன்றாக ஓடும், சூடானதும் ஐடிலில் குலுங்கும், புல்லிங் குறைந்துகொண்டே வரும். இந்த இடைவெளியைத் தானே சரி செய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் இல்லாத எஞ்சின் என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டருக்கு ஒரு முறை டேப்பட் பார்த்தே ஆக வேண்டும். ஸ்க்ரூவை முடுக்கிவிடும் வேலையாக இருந்தால் ஒரு மணி நேரம், ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்றும் வகை என்றால் கொஞ்சம் அதிகம். விட்டுவிட்டால் ஹெட்டையே இறக்க வேண்டும்.

பார்ப்பது எப்படி? நான்கு பிளக்கையும் கழற்றி, எரிபொருளைத் துண்டித்து, ஆக்சிலேட்டர் முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடித்து, பிளக் ஓட்டையில் மீட்டர் வைத்து கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பாருங்கள், சூடான எஞ்சினில். எண்ணைவிட நான்குக்கும் உள்ள வித்தியாசம் முக்கியம். மூன்று சிலிண்டர் 170, 175 பிஎஸ்ஐ காட்டி ஒன்று மட்டும் 120 காட்டினால் ஆள் சிக்கிவிட்டார். அந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள், நன்றாக ஏறினால் ரிங், ஏறவே இல்லை என்றால் வால்வு அல்லது கேஸ்கெட். அந்த சிலிண்டரின் இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் நிறுத்தி, பிளக் ஓட்டை வழியாகக் காற்று அடித்துப் பார்க்க வசதி உள்ள பட்டறை என்றால் இன்னும் தெளிவாகும்: சைலன்சரில் உஸ் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு, ஏர் ஃபில்டர் பக்கம் உஸ் என்றால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட்.

இனி ஒரு சந்தேகம் எல்லாவற்றுக்கும் பிறகும் மிச்சம் இருக்கலாம். மிஸ்ஸிங் நின்றுவிட்டது, லைட் மின்னவில்லை, ஆனால் புல்லிங் மட்டும் திரும்பவில்லை. அப்படியானால் கன்வெர்ட்டர் ஏற்கெனவே உருகி அடைத்திருக்கலாம். அடைத்த கன்வெர்ட்டர் வண்டி ஐடிலில் அழகாக நிற்கும், வெறும் வண்டியாக முறுக்கினால்கூட ஒரு அளவு ஏறும், லோடில் மூச்சு முட்டும். கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்கலாம். ஐடிலில் ஒன்றேகால் பிஎஸ்ஐக்குள், 2500 ஆர்பிஎம்மில் மூன்றுக்குள் இருந்தால் வழி திறந்திருக்கிறது. அதைத் தாண்டினால் அடைப்பு. உள்ளே இருப்பதை உடைத்துக் கொட்டிவிட்டு வெறும் டப்பாவாக மாட்டித் தருகிறேன் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள், அது சட்டப்படியும் தப்பு, பின்னால் இருக்கும் சென்சார் பி0420 போட்டுக்கொண்டே இருக்கும், உங்கள் பின்னால் வரும் டூவீலர்காரர் அந்தப் புகையைத்தான் சுவாசிப்பார். காரணத்தைச் சரி செய்யாமல் புதுக் கன்வெர்ட்டர் மாட்டினாலும் அதுவும் உருகும்.

டீசல் லாரி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், நான் சொன்ன பிளக், காயில் கதை உங்களுக்கு இல்லை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ் 6 டீசல் லாரியில் ஏதாவது விளக்கு மின்னி புல்லிங் குறைந்தால் முதலில் டிஇஎஃப் அளவையும் தரத்தையும் பாருங்கள். 32.5 சதவீத யூரியா கலவை தீர்ந்தாலோ தரம் கெட்டாலோ எஞ்சினின் பலத்தை ஈசியுவே வேண்டுமென்று குறைக்கும். அடுத்தது டிபிஎஃப் (புகையில் உள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) அடைப்பு, டீசல் ஃபில்டர், டர்போ ஹோஸ் கிழிசல்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இந்த வாரம் லோடை வேறு வண்டியில் அனுப்பிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிய எஞ்சினில் நான்கு பிளக்கையும் கழற்றிப் பார்ப்பேன், குழியைப் பார்ப்பேன், காயிலையும் பிளக்கையும் இடம் மாற்றிவிட்டு கேஸிலும் பெட்ரோலிலும் ஒரு ஓட்டு ஓட்டுவேன். கோளாறு பிடிபட்டு வேலை முடிந்ததும் கோடை அழித்து, பாதி லோடோடு கேஸில் அதே குஞ்சப்பணை ஏற்றத்தில் ஏற்றிப் பாருங்கள், பக்கத்தில் ஒருவர் ஸ்கேனரில் மிஸ்ஃபயர் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டே வரட்டும், உங்கள் ஸ்கேனர் அதைக் காட்டும் என்றால். மூன்றாவது சிலிண்டரில் எண்ணிக்கை ஏறவில்லை, பி0171ம் இரண்டு மூன்று நாள் ஓட்டத்தில் திரும்பவில்லை என்றால் அந்த ஆக்சிஜன் சென்சார் நல்ல சென்சார்தான். திரும்பினால் ஃப்ரீஸ் ஃப்ரேம் படத்தையும், நான்கு பிளக்கை வரிசையாக வைத்து எடுத்த படத்தையும், எது எந்த சிலிண்டர் என்று எழுதிப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.